மோட்டார் செல்லும் சாலையில் சைக்கிள்

கர்நாடக மாநிலத்துக் கோலார் தங்கவயலின் பழைய சுரங்கக் குடியிருப்புகளுள் ஒன்றான கோரமண்டலில், விடியற்காலம் என்பது இன்றும் வேலைக்குப் புறப்படும் நேரமே ஆகும். சுரங்கங்கள் இயங்கிய நாட்களில் முதல் ஷிப்டுக்குச் செல்வோர் அந்நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பினர். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்ட பின்னர், அவர்களுடைய மக்களும் பேரர்களுமாகப் பல்லாயிரம் பேர் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறிச் சென்று வேலை பார்த்துத் திரும்புகின்றனர். மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டைக்குச் செல்லும் கிளைப்பாதை 1894-இல் சுரங்கத் தொழிலின் பொருட்டு அமைக்கப்பட்டது; தங்கம் போன பிறகு அது ஆட்களைச் சுமக்கிறது. இருட்டோடு நிலையத்துக்குச் செல்பவருள் நடப்பவர் உண்டு; மோட்டார் சைக்கிளில் செல்பவர் உண்டு; சைக்கிளில் செல்பவரும் உண்டு. அதே சாலையில் காரும் பஸ்ஸும் லாரியும் செல்கின்றன. இவ்வாறு வேகத்திலும் எடையிலும் பெரிதும் வேறுபட்ட வண்டிகள் ஒரே தார்ச்சாலையைப் பகிர்ந்துகொள்ளும்போது, எல்லாவற்றிலும் இலேசானதும் மெதுவானதுமாகிய சைக்கிளுக்கு நேரக்கூடிய அபாயம் யாது, அது எவ்வாறு உண்டாகிறது, எதனால் குறைகிறது என்பவற்றை எளிய கணக்கைக்கொண்டே விளக்க இயலும். அக்கணக்கு பள்ளி மாணவர்க்கும் எட்டக்கூடியதே.

சுரங்கத்தினுள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வேலை செய்த தங்கவயல் தொழிலாளி, தலையில் விளக்கின்றி ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. தான் வழியைக் காண்பதற்கு எவ்வளவு தேவையோ, தன்னைப் பிறர் காண்பதற்கும் அவ்விளக்கு அவ்வளவு தேவை என்பது அவனுக்கு எவரும் போதிக்க வேண்டாத பாடம். ஆனால் அவனே ஷிப்டு முடிந்து மேலே வந்து, விளக்கை விளக்கறையில் ஒப்படைத்துவிட்டு, விளக்கில்லாத சைக்கிளில் ஏறி இருட்டில் வீடு திரும்பினால், அதை யாரும் விசித்திரமாகக் கருதவில்லை. சாலையில் மோட்டார் வண்டிகள் அரிதாக இருந்த காலத்தில் அதனால் பெரிய தீங்கு விளையாதிருக்கலாம். இன்று நிலைமை வேறு. இந்தியச் சாலைகளில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் விபத்துக்களில் உயிரிழந்தோர் 1,68,491 பேர் என மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டுள்ளது.

இரண்டரை விநாடி

ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது எனக் கொள்வோம். அதன் முன்னால், அதே திசையில், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சைக்கிள் செல்கிறது. இருட்டு வேளை, சைக்கிள்காரர் காக்கி உடை அணிந்துள்ளார், விளக்கோ பிரதிபலிப்பானோ இல்லை. காரின் தாழ்த்திய முன்விளக்கில் அவர் 30 மீட்டர் தொலைவில்தான் ஓட்டுநர் கண்ணுக்குப் புலப்படுகிறார் என வைத்துக்கொள்வோம்.

இரு வேகங்களின் வித்தியாசம் மணிக்கு 45 கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு 12.5 மீட்டர். ஆகவே கார் சைக்கிளை எட்டுவதற்கு இன்னும் 2.4 விநாடியே உள்ளது. முன்னால் தெரிவது இன்னதென்று உணர்ந்து, தீர்மானித்து, பிரேக்கின்மேல் காலை வைக்க ஓட்டுநருக்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடி செல்லும். அசதியுற்றவருக்கு அதற்கு மேலும் ஆகலாம். அவ்வொன்றரை விநாடியில் இடைவெளி ஏறக்குறைய 19 மீட்டர் குறைந்துவிடுகிறது. எஞ்சியது 11 மீட்டர். உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் உள்ள கார், சைக்கிளின் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதற்குள் இடைவெளியில் இன்னும் 13 மீட்டர் தீர்ந்துபோகும். இருப்பதோ 11. மோதல் தவிர்க்க முடியாததாகிறது. ஓட்டுநர் குடித்திருக்கவில்லை, உறங்கவில்லை, சட்டத்தை மீறவுமில்லை. நேரம் போதவில்லை.

இனி, மற்றவை அனைத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, காரின் வேகத்தை மட்டும் 40 கிலோமீட்டராகக் குறைப்போம். வேக வித்தியாசம் இப்போது மணிக்கு 25 கிலோமீட்டர். ஒன்றரை விநாடியில் குறையும் இடைவெளி சுமார் பத்தரை மீட்டர். பிரேக் போட்ட பின் தேவைப்படுவது 4 மீட்டர். கார் சைக்கிளின் பின்னால் 15 மீட்டர் இடம் மீதியிருக்கவே நிதானத்துக்கு வந்துவிடுகிறது. அதே இருட்டு, அதே காக்கி உடை, அதே விளக்கற்ற சைக்கிள். ஆயினும் ஒருவர் உயிரோடு வீடு சேருகிறார்.

மூன்றாவதாக, காரின் வேகத்தை மீண்டும் 60-க்கே உயர்த்தி, சைக்கிளின் பின்புறம் ஒரு நல்ல பிரதிபலிப்பானைப் பொருத்துவோம். 100 மீட்டர் தொலைவில் அது மின்னுமாயின், ஓட்டுநருக்குக் கிடைப்பது 8 விநாடி. பிரேக்கை அழுத்தவே வேண்டாதபடி விலகிச் செல்ல அது தாராளமான அவகாசம்.

சைக்கிள்காரரின் பாதுகாப்பைப் பற்றிய பல அறிவுரைகளும் இவ்விடைவெளியிலிருந்தும் அதைக் கடக்கும் விநாடிகளிலிருந்தும் பிறந்தவையே. தலைக்கவசம் விழுந்தபின் மண்டையைக் காக்க உதவும், அணிவது நன்று. ஆனால் மேலே கண்ட கணக்கில் ஓர் எண்ணையும் அது மாற்றுவதில்லை.

எதிர்த்திசையில் செல்வது ஏன் தீது

கிராமப்புறங்களிலும் சிறு நகரங்களிலும் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. வலப்புற ஓரமாக, வரும் வண்டிகளை எதிர்நோக்கிச் சென்றால் அவற்றைக் கண்ணால் பார்த்து விலகிக்கொள்ளலாம். இடப்புறம் சென்றால் முதுகுக்குப் பின்னால் வருவது தெரியாது என்பர். நடைபாதையற்ற சாலையில் நடந்து செல்பவர்க்கு இது பொருத்தமான யோசனையே. அதையே சைக்கிளுக்கும் கொள்வது பெரும்பிழை.

காரணம் மறுபடியும் கணக்கிலேயே உள்ளது. எதிரெதிராக வரும்போது வேகங்கள் கழிவதில்லை, கூடுகின்றன. 60-உம் 15-உம் சேர்ந்து மணிக்கு 75 கிலோமீட்டர். விநாடிக்கு ஏறத்தாழ 21 மீட்டர். முன்னே சொன்ன 30 மீட்டர் இடைவெளி ஒன்றரை விநாடிக்கும் குறைந்த நேரத்தில் தீர்ந்துபோகிறது. ஓட்டுநரின் கால் பிரேக்கை எட்டுமுன்னரே மோதல் நிகழ்ந்துவிடும். நடப்பவர் ஓர் எட்டுப் பக்கவாட்டில் வைத்துச் சாலையைவிட்டு இறங்கிவிடலாம். சைக்கிளால் பக்கவாட்டில் எட்டு வைக்க இயலாது. மேலும், கிளைச்சாலையிலிருந்து முதன்மைச் சாலைக்குள் இடப்புறமாகத் திரும்பும் ஓட்டுநர் தம் வலப்பக்கத்தையே நோக்குகிறார். வண்டிகள் அப்பக்கமிருந்தே வரும் என்பது அவர் பழக்கம். எதிர்த்திசையில் வரும் சைக்கிள்காரர் அவர் நோக்காத பக்கத்திலிருந்து தோன்றுகிறார்.

விளக்கும் பிரதிபலிப்பானும்

ஒரு தலைமுறைக்கு முன்புவரை தமிழ் வழங்கும் ஊர்கள் பலவற்றில், இரவில் விளக்கில்லாமல் சைக்கிளில் செல்வோரைப் போலீஸார் நிறுத்தி அபராதம் விதிப்பது வழக்கமாயிருந்தது. முதலில் எண்ணெய் விளக்கு, பிறகு டயரில் உராய்ந்து சுழலும் டைனமோ. அவ்வழக்கம் மறைந்ததோடு விளக்கும் பெரும்பாலும் மறைந்தது. சாலைகளில் வேகம் பெருகிய காலத்திலேயே இது நேர்ந்தமை வருந்தத்தக்கது. காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 1902-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் பெற்ற தங்கவயலிலும், அம்மின்சாரம் வந்தது சுரங்க எந்திரங்களுக்காகவே. சைக்கிள்காரர் தம் ஒளியைத் தாமே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது.

பிரதிபலிப்பான் சாதாரணக் கண்ணாடியைப் போன்றதன்று. சாய்ந்து நிற்கும் கண்ணாடியில் பட்ட ஒளி வேறு திசையில் சென்றுவிடும். பிரதிபலிப்பானின் உட்புறத்திலோ, ஓர் அறையின் மூலையைப்போல மூன்று பரப்புகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கூடும் சிறு மூலைகள் நூற்றுக்கணக்கில் அமைந்துள்ளன. ஒரு மூலையில் புகும் ஒளிக்கதிர் மூன்று பரப்பிலும் பட்டுத் திரும்பி, எங்கிருந்து வந்ததோ அங்கேயே செல்கிறது. காரின் விளக்கும் ஓட்டுநரின் கண்ணும் அருகருகே இருப்பதால், அவர் கண்ணுக்கு அது தானே எரியும் விளக்குபோல் தோன்றுகிறது. வகுப்பில் இதைக் காட்ட விரும்பும் ஆசிரியர், அறையை இருட்டாக்கி, ஒரு மாணவனைக் கைவிளக்கைத் தன் கன்னத்தருகே பிடித்து எதிர்ச்சுவரோரம் வைத்த பிரதிபலிப்பானைப் பார்க்கச் செய்யலாம். அது பளிச்சென்று ஒளிர்வது அவனுக்குத் தெரியும். பக்கத்தில் நாலடி தள்ளி நிற்கும் மாணவனுக்கு அது மங்கிய சிவப்புத் துண்டாகவே தோன்றும்.

இச்சோதனையிலேயே பிரதிபலிப்பானின் குறையும் வெளிப்படுகிறது. தன்மேல் ஒளி படாதவரை அது பயனற்றது. கிளைச்சாலையிலிருந்து வரும் காரின் விளக்கு நேரே விழுகிறது. குறுக்கே வரும் சைக்கிளின்மேல் அது படும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். அதனால்தான் முன்புறம் ஒரு வெள்ளை விளக்கு தேவைப்படுகிறது. பின்புறத்துக்குச் சிவப்புப் பிரதிபலிப்பானும், கூடுமானால் சிவப்பு விளக்கும் வேண்டும். சைக்கிள்களில் பொருத்தும் பிரதிபலிப்பான்கள் இந்தியத் தரத்துக்கு ஒத்தவையாக இருக்கவேண்டும் என்று மத்திய அரசு 2020-இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. பழைய சைக்கிள் வைத்திருப்போர் பின் மட்கார்டின் அடிப்பகுதியில் வெள்ளை வர்ணம் பூசும் முற்கால வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. பிரதிபலிக்கும் பட்டையைச் சட்டையில் ஒட்டுவதைக் காட்டிலும் கணுக்காலில் கட்டிக்கொள்வது அதிகப் பயன் தருவதாக ஆராய்ச்சிகளில் கண்டுள்ளனர். பெடலோடு மேலும் கீழும் ஏறியிறங்கும் ஒளியைக் கண்டதும், அது கம்பமன்று, மனிதன் என்பதை மூளை உடனே அறிந்துகொள்கிறது. செயினில் சிக்காதிருக்கக் கால்சட்டையை மடித்துக் கட்டுவோர் அக்கட்டையே பிரதிபலிக்கும் பட்டையாக வைத்துக்கொண்டால் இரு காரியங்களும் ஒருங்கே முடியும்.

பகலிலும் காட்சி மறைவதுண்டு. மார்கழி, தை மாதங்களின் காலைப் பனியிலும், காற்றடிக்கும் கோடை நாட்களில் தங்கவயலின் சயனைடு மேடுகளிலிருந்து நுண்மணல் எழும்போதும், பகல் விளக்குக்கூட வீணன்று. பங்காருப்பேட்டையிலிருந்து கிழக்கு நோக்கி வருபவர்க்குக் காலைச் சூரியன் நேர் எதிரே நிற்கிறது. தம் கண் கூசுகின்றதென்றால், பின்னால் வரும் ஓட்டுநருக்கும் கூசுகின்றது என்பதைச் சைக்கிள்காரர் அப்போது நினைவுகொள்ள வேண்டும்.

விரைவுச்சாலையைவிட்டு இறங்கும் வண்டி

பெங்களூர்–சென்னை விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதி, ஹொசக்கோட்டையிலிருந்து தங்கவயலை அடுத்த பேத்தமங்கலம் பக்கம்வரை, 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அதில் சைக்கிளுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. எனினும் அச்சாலை சைக்கிள்காரரைப் பாதிக்கவே செய்கிறது. நெடுநேரம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியவருக்கு, 60 என்பது ஊர்வதுபோல் தோன்றும். கண்ணும் காதும் அவ்வேகத்துக்குப் பழகிவிடுவதால், தாம் போதிய அளவு வேகத்தைக் குறைத்துவிட்டதாக அவர் மெய்யாகவே நம்புகிறார். வேகமானியோ வேறு கூறுகிறது. இம்மயக்கத்தைப் பிரிட்டனில் 1960-களிலும் 1970-களிலும் ஆராய்ந்தனர். ஸ்காட்லாந்தில் நியூபிரிட்ஜ் என்னுமிடத்தில், விரைவுச்சாலை ஒரு வட்டச் சந்திப்பில் முடியும் இடத்துக்கு முன்னர், சாலைக்குக் குறுக்கே மஞ்சள் கோடுகளை வரவர நெருக்கமாக வரைந்து பார்த்தனர். கோடுகள் விரைந்து விரைந்து கடப்பதைக் கண்ட ஓட்டுநர், தம் வேகம் கூடுகிறது என எண்ணிக் காலை எடுத்தனர், விபத்துக்கள் குறைந்தன.

இத்தகைய வண்டி இறங்கிவரும் கிளைச்சாலையில் பள்ளி உள்ளதா, அதில் பிள்ளைகள் சைக்கிளில் வருகின்றனரா என்பதைக் களப்பணியாளர் முதலில் குறித்துக்கொள்ளுதல் நலம். கர்நாடகத்தில் 2006–07 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு மாணவர்க்கு இலவச சைக்கிள் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அண்டைத் தமிழ்நாட்டிலும் மேல்நிலை மாணவர்க்கு இத்தகைய திட்டம் நடைபெற்றுள்ளது. சைக்கிளைக் கொடுத்தது அரசாங்கம். அது செல்லும் சாலையின் வேகத்தை யார் கவனிப்பது என்ற கேள்வி பெரும்பாலும் எந்த இலாகாவின் கோப்பிலும் அகப்படுவதில்லை.

வேகத்தின் விளைவை மாணவர்க்கு மாடிக் கணக்கில் கூறலாம். மணிக்கு 30 கிலோமீட்டரில் மோதுவது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 60-இல் மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து, நான்காம் மாடிக்கும் மேலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகிறது. நடப்போரும் சைக்கிள்காரரும் மோட்டாரோடு கலந்து செல்லுமிடங்களில் 30 கிலோமீட்டர் வேக வரம்பு வேண்டும் என 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக மாநாட்டின் பிரகடனம் கூறியதற்கு அடிப்படை இதுவே.

சாலையின் ஓரம்

'ஓரமாகப் போ' என்று பெரியோர் சொல்லும் புத்திமதியை மாணவர் சொல்லுக்குச் சொல் பின்பற்றித் தார் முடியும் விளிம்பிலேயே செல்வதுண்டு. இது பாதுகாப்பான இடமன்று. பல சாலைகளில் தார்ப்பரப்பு மண் ஓரத்தைவிட நாலைந்து விரற்கடை உயர்ந்து நிற்கிறது. சைக்கிள் சாயாமல் செல்வது, சாயும் பக்கமாக முன்சக்கரம் இடைவிடாது சிறிது சிறிதாகத் திரும்புவதனாலேயே. விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கிவிட்டவர் அதே வேகத்தில் சாய்வாகத் தாருக்கு ஏற முயன்றால், முன்சக்கரம் விளிம்பில் உராய்ந்து திரும்ப மறுக்கிறது. உடல் மட்டும் வலப்புறம் சாய்கிறது. விளைவாக அவர் விழுவது மண்ணில் அன்று, தார்ச்சாலையின் நடுவில், பின்னால் வரும் வண்டிக்கு முன்னால். மண்ணில் இறங்கிவிட்டால் வேகத்தை அடக்கி நின்று, சைக்கிளைத் தூக்கி வைத்து ஏறுவதே முறை. ரயில் தண்டவாளத்தைக் கடக்கும்போதும் இவ்வாறே. தண்டவாளத்துக்குச் செங்குத்தாகக் கடக்கும் சக்கரம் பள்ளத்தில் அகப்படாது.

விளிம்பிலிருந்து ஏறத்தாழ முக்கால் மீட்டர் உள்ளே, நேர்கோட்டில் செல்பவரைப் பின்வரும் ஓட்டுநர் தெளிவாகக் காண்கிறார். கடப்பதற்குச் சற்று விலகவேண்டும் என்பதையும் உணர்கிறார். விளிம்பைத் தொட்டுச் செல்பவரை அவர் விலகாமலேயே உரசிக் கடக்க முற்படுகிறார். பிரிட்டனின் சாலை விதிநூல் 2022-இல் திருத்தப்பட்டபோது, சைக்கிளைக் கடக்கும் மோட்டார் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்று அறிவுறுத்தியது. நிறுத்தியுள்ள கார்களின் பக்கத்தில் செல்லும்போது, கதவு திடீரெனத் திறந்தாலும் படாத அளவுக்கு ஒரு மீட்டருக்குக் குறையாமல் விலகிச் செல்லவேண்டும்.

பஸ்ஸின் இடப்பக்கம் தனி எச்சரிக்கைக்கு உரியது. நீண்ட வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்தில் செல்வதில்லை. உட்புறமாகக் குறுக்கி வருகின்றன. சந்திப்பில் நிற்கும் பஸ்ஸுக்கும் நடைமேடை ஓரத்துக்கும் இடையில் காலியாகத் தோன்றும் இடத்தில் சைக்கிளை நுழைப்பவர், பஸ் இடப்புறம் திரும்புமாயின் அவ்விடம் முழுவதும் அதன் பின்சக்கரத்துக்குரியது என்பதை அறிவதில்லை. ஓட்டுநரின் கண்ணாடியிலும் அவர் தென்படமாட்டார். பின்னால் நிற்பதனால் ஆகும் தாமதம் சில விநாடிகளே.

வலப்புறம் திரும்புவது, சிறுவர்க்கு யாவற்றினும் கடினமானது. ஓடும் வண்டிகளுக்கு இடையே சாலை நடுவுக்கு வரத் துணிவதைவிட, சந்திப்பை நேரே கடந்து, அப்பால் இடப்புற ஓரத்தில் நின்று, சைக்கிளைத் திருப்பி, வழி கிடைத்ததும் மீண்டும் நேரே கடப்பது எளிது. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் இழுக்கு ஒன்றுமில்லை. எதுவாயினும் திரும்புமுன் தலையைத் திருப்பிப் பின்னே நோக்க வேண்டும். மின்சார ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் ஓசையின்றி வருகின்றமையால், காதை நம்பித் திரும்பிய காலம் போய்விட்டது.

மழையில் பிரேக்

நம் நாட்டுப் பெரிய சைக்கிள்களின் ரிம் பெரும்பாலும் எஃகினால் ஆனது. உலர்ந்த நாளில் ரப்பர்க் கட்டை அதை நன்கு பற்றுகிறது. நனைந்த நாளிலோ, கட்டைக்கும் ரிம்முக்கும் இடையில் நீர் மெல்லிய படலமாக நின்று எண்ணெய் போல் வழுக்குகிறது. சக்கரம் சில சுற்றுச் சுற்றி நீர் துடைக்கப்பட்ட பின்னரே பிடிப்பு உண்டாகும். ஆதலால் மழையில் சரிவுகளிலும் சந்திப்புகளுக்கு முன்பும் பிரேக்கை முன்கூட்டியே இலேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம். பின்பிரேக் ஒன்றையே நம்புவது போதாது. நிறுத்தும்போது உடலின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன்சக்கரமே சாலையை அதிகம் பற்றுகிறது; இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தவேண்டும்.

இதனைப் பள்ளி மைதானத்தில் அளந்து பார்க்கலாம். தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு கிழித்து, ஒரே மாணவனை ஒரே வேகத்தில் வரச்செய்து, கோட்டைத் தொட்டதும் பிரேக் போடச் சொல்லி, நின்ற இடம்வரை நாடாவினால் அளக்கவேண்டும். பிறகு ஒரு வாளித் தண்ணீரை இரு ரிம்களிலும் கட்டைகளிலும் ஊற்றி மறுபடியும் அளக்கவேண்டும். தரை உலர்ந்தே இருப்பதால், கூடுதலான தூரம் முழுவதும் நனைந்த ரிம்மினால் வந்தது என்பது தெளிவாகும். அடுத்து ஓர் அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்து அறிவிப்பின்றி நழுவவிட்டு, மற்றொரு மாணவன் அதை விரல்களால் பிடிக்கட்டும். கோல் 20 சென்டிமீட்டர் விழுந்தபின் பிடிபட்டால் அவனுடைய பதில்வினைக்குப் பிடித்த நேரம் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆயத்தமாகக் காத்திருந்து, விரலை மூடுவதற்கே இவ்வளவு செல்கிறது என்பதை அவன் குறித்துக்கொண்டபின், வேறெதையோ நினைத்துக்கொண்டு கார் ஓட்டி வருபவருக்கு ஏன் ஒன்றரை விநாடி கொடுக்கப்பட்டது என்று வகுப்பைக் கேட்கலாம். ஹாண்டில்பாரை எட்டாத சிறுவர் குரங்குப் பெடல் போட்டு ஓட்டும் பெரிய சைக்கிளையும் ஒருமுறை இதே கோட்டில் நிறுத்திப் பார்ப்பது தகும். பிரேக்கைப் பிடிக்க அவன் கை எவ்வளவு தாமதமாக எட்டுகிறது என்பதைப் பெற்றோரும் வந்து காணுமாறு அச்சோதனையை மாலை வேளையில் வைத்துக்கொள்ளலாம்.